தெரியவில்லை என்னும் தீர்ப்பு

கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளைத் தொகுப்பு, அதாவது நிரல், தன் வேலையை முடித்து நிற்குமா அல்லது முடிவின்றிச் சுழலுமா என்பதை முன்கூட்டியே தவறாமல் சொல்லவல்ல வேறொரு நிரலை ஆக்க முடியாது. 1936-ஆம் வருஷத்தில் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேய இளைஞர் எழுதிய கட்டுரையிலிருந்து விளையும் முடிவு இது. ஆகவே கம்ப்யூட்டரால் எதையுமே நிச்சயிக்க இயலாதென்று கைவிரிப்போர் சிலர். வேகமான யந்திரம் வந்தால் யாவும் சரியாகிவிடும் என்போர் சிலர். இரு கட்சியாரும் வாதத்தைச் செவ்வனே கவனித்தாரில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

எந்த நிரலைக் காட்டினாலும் 'நிற்கும்', 'நிற்காது' என்ற இரண்டில் ஒன்றைப் பிழையின்றிச் சொல்லும் நிர்ணய நிரல் ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். தன்னைப் பற்றி அதனிடமே கேட்டறிந்து, அது சொல்வதற்கு நேர்மாறாக நடக்கும் விதண்டாவாத நிரல் ஒன்றை நாம் எழுதிவிடலாம். 'நிற்கும்' என்றால் இது சுழலும். 'நிற்காது' என்றால் நின்றுவிடும். எதைச் சொன்னாலும் பொய்யாகவே முடியும். வேகம் இங்கே என்ன செய்யும்?

ஆனால் 'தெரியவில்லை' என்று மூன்றாவதொரு விடை பகர அதற்கு அனுமதி அளித்துப் பாருங்கள். விதண்டாவாதி பிறகு நின்றாலும் சுழன்றாலும் பொய்ச்சாட்சிக் குற்றம் சாராது. நியாயஸ்தலங்களை அறிந்தோருக்கு இது புதிதன்று. 1872-ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டம் ருசுவானது, பொய்யென ருசுவானது, ருசுவாகாதது என மூன்றாகவே வகுத்தது. 2024-இல் அதன் ஸ்தானத்துக்கு வந்த சட்டமும் அப்பாகுபாட்டைக் கைவிடவில்லை. ருசுவாகாததைப் பொய்யென்று எழுதும் நீதிபதியை யார் மெச்சுவர்?

ஒரு கோடி அடி ஓடியும் நில்லாதது இனி நிற்காதென்று தீர்ப்பெழுதும் நிரல் அத்தகைய நீதிபதியே. நாடாவில் குறிகளை எழுதியும் அழித்தும் நகர்வதாக டூரிங் மனத்தில் கற்பித்த யந்திரங்களில், ஐந்தே நிலைகளும் இரண்டே குறிகளும் உடைய ஒன்றை 1989-இல் ஹைனர் மார்க்ஸன், யூர்கன் புன்ட்ராக் என்னும் இருவர் கண்டனர். வெற்று நாடாவில் தொடங்கிய அது 4,71,76,870 அடிகளுக்குப் பின்னரே நின்றது!

ஐந்து நிலை யந்திரங்களில் நிற்பவற்றுள் இதுவே மிக நெடிது ஓடுவதா? அதை நாட்ட, அத்தனை அடிக்குப் பின்னும் நில்லாத 8 கோடிக்கு மேற்பட்ட யந்திரங்கள் ஒருபோதும் நில்லா என்று காட்ட வேண்டியிருந்தது. 2022 முதல் பல தேசத்தார் கூடி நிர்ணய நிரல்கள் பல எழுதினர். ஒவ்வொன்றும் காரணத்தோடு சொல்லக்கூடியதை மட்டும் சொல்லி, மற்றதைத் 'தெரியவில்லை' என்று குறித்து அடுத்ததிடம் ஒப்படைத்தது. (எல்லாவற்றுக்கும் 'தெரியவில்லை' என்னும் சோம்பேறி நிரலும் பொய் சொல்லாததுதான், அதை எழுத ஆள் வேண்டியதில்லை.) கடைசியில் எஞ்சிய சிலவற்றைத் தனித்தனியே ஆராய நேர்ந்தது. 2024 ஜூலையில் மிச்சம் பூஜ்யமாயிற்றென அறிவித்தனர். நிரூபணங்களை வரி வரியாகச் சோதிக்கும் 'காக்' என்ற நிரல் முழுவதையும் ஒப்புக்கொண்டது.

ஆறு நிலை யந்திரங்களில் 'ஆன்டிஹைட்ரா' எனப் பெயரிட்ட ஒன்று உண்டு. அது நிற்குமா என்று நாமறிந்தவரை இன்னும் எவரும் நிரூபித்ததில்லை.