விலகவும் வழி வேண்டும்

வானொலியில் காலை 5 மணி ஷிப்ட் யாருக்கும் பிடிக்காது. ஆனாலும், "அண்ணே, நாளைக்கு நீங்க பார்த்துக்குங்க, சனிக்கிழமை நான் வரேன்" என்றால் காரியம் நடந்துவிடும். பெருந்தன்மை பாதி, சுயநலம் பாதி. வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவரோடு எங்களில் யாரும் சண்டை போடுவதில்லை. அடுத்த முறை அவர் கேட்கும்போது எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிடும், அவ்வளவுதான்!

இதைத்தான் 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் டேவிட் ராண்ட், சாமுவேல் ஆர்பெஸ்மன், நிக்கோலஸ் கிறிஸ்டாக்கிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்களை இணையத்தில் ஒரு வலைபோல் இணைத்து விளையாட விட்டார்கள். கொடுத்தால் கைக்காசு குறையும். இணைந்திருப்பவருக்கு அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். யாரோடு இணைவது என்பதை மாற்ற முடியாத குழுக்களில், கொடுப்பவர்கள் சுற்றுக்குச் சுற்று குறைந்தார்கள். அடிக்கடி மாற்றிக்கொள்ள முடிந்த குழுக்களிலோ ஒத்துழைப்பு நிலைத்தது. கொடுக்காதவரை விட்டு விலகி, கொடுப்பவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

நல்லவர்களாக இருங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. விலகிச் செல்லவும் வழி இருந்தால்தான் ஒத்துழைப்பு வளரும். வேலையிடமோ உறவோ, "இவரை விட்டால் வேறு வழியில்லை" என்ற நிலை வந்துவிட்டால் கொடுப்பவர்தான் தேய்ந்துபோகிறார். உங்களுக்குத் தெரிந்து அப்படி யாராவது இருக்கிறார்களா? அவருக்கு அறிவுரை வேண்டாம். இன்னொரு கதவைக் காட்டுங்கள்.