டிஸ்க் காலியா இருக்கு... ‘இடமில்லை’ என்கிறதே சர்வர்!

போடிநாயக்கனூர் ஏலக்காய் இ-ஏலத்தில் வியாபாரிகள் எல்லோரும் ஒரே விலையை ஒரே நேரத்தில் திரையில் பார்க்கிறார்கள். ஆளாளுக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தால் ஏலம் நகருமா? லினக்ஸில் ‘ஷேர்டு மெமரி’யும் இந்தத் திரை மாதிரிதான். பல புராசஸ்கள் ஒரே ராம் பகுதியைப் பார்த்து வேலை செய்யும். காப்பி எடுக்கும் வேலை மிச்சம்.

2021-ல் நறுமணப் பொருட்கள் வாரியம் போடி, புத்தடி ஏலங்களை கிளவுடுக்குக் கொண்டுபோனது. கிளவுடுக்குப் போகும் சேவைகள் பெரும்பாலும் விர்ச்சுவல் மெஷினிலோ கன்டெய்னரிலோ ஓடுபவை. அங்கே ஒரு பொறி இருக்கிறது.

டாக்கர் கன்டெய்னருக்கு டிஃபால்ட்டாகக் கிடைக்கும் ஷேர்டு மெமரி வெறும் 64 எம்.பி.தான். சர்வரில் 64 ஜி.பி. ராம் இருந்தாலும் இதேதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பெரிய குவெரி ஒன்று ஓடும்போது இது நிரம்பினால், ‘டிவைஸில் இடமில்லை’ என்று எரர் வரும். உடனே பலர் டிஸ்க்கைத்தான் கிளீன் பண்ணுவார்கள். பார்க்க வேண்டியது ‘/டெவ்/எஸ்ஹெச்எம்’ அளவை. ‘எஸ்ஹெச்எம்-சைஸ்’ ஆப்ஷனில் 1 ஜி.பி. என்று கொடுத்து கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கினால் சரியாகிவிடும்.

விர்ச்சுவல் மெஷினில் இவ்வளவு தொல்லை இல்லை. அதற்கு ஒதுக்கிய ராமில் பாதிவரை தானாகவே கிடைக்கும். ‘எஸ்ஹெச்எம்மேக்ஸை ஏற்று’ என்பது பழைய அட்வைஸ். 2014-ல் வந்த லினக்ஸ் 3.16 கர்னலே அந்த வரம்பை மிக உயரத்தில் வைத்துவிட்டது.

அதற்காக அள்ளிக் கொடுத்துவிடவும் முடியாது. இது வெறும் உச்சவரம்புதான்; ஆனால் பயன்படுத்தும் ஒவ்வொரு எம்.பி.யும் கன்டெய்னரின் மெமரி கணக்கில் ஏறும். அந்தக் கணக்கு தாண்டினால் கர்னல் ஏதாவது ஒரு புராசஸைக் கொன்றுவிடும். பல நேரம் அது டேட்டாபேஸாகவே இருக்கும்.