கேளாத கதறல்

சினிமாப் பித்தன் என்று நண்பர்கள் என்னை ஏசுவதுண்டு, ஏசட்டும். சத்தியஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில் ஓர் இடம். நெடுநாட் கழித்து வீடு திரும்பும் ஹரிஹர், மகள் துர்க்கா இறந்ததை அறியாது, அவளுக்கென வாங்கிவந்த சேலையை மனைவி சர்வஜயாவிடம் நீட்டுகிறான். அதை வாயோடு அழுத்திக்கொண்டு அவள் கதறுகிறாள். அக்கதறல் நம் செவிக்கு எட்டுவதில்லை. அவள் குரலுக்குப் பதிலாகத் தார் ஷெனாய் என்னும் நரம்புக் கருவி ஓலமிடுகிறது. ஒப்பாரியை முழுதுங் கேட்பிக்கும் எத்தனையோ படங்களிற் கலங்காத கண் இங்கே கலங்குவானேன்? முகத்தை மட்டுமே இயக்குநர் தருகிறார். குரலை நம் நெஞ்சன்றோ கொடுக்க வேண்டியிருக்கிறது! நாடக மேடைக்கு இது எளிதன்று. மூன்றாம் முறை பார்க்கையில் யாவும் அறிந்தேயிருந்தேன். எனினும், அவன் சேலையை எடுக்குமுன்னே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.