சோதனைக்குக் கட்டணம் கிடையாது

தில்லி ஜனக்புரியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்றிரவே, இங்கே எந்த வீட்டிலும் செல்போனில் தேடல் தொடங்கிவிடும். தேடினால் ஸ்டெம் செல் விளம்பரம் முன்னால் வந்து நிற்கும். பேசாத குழந்தை பேசியதாக ஒரு வீடியோ, அடியில் வாட்ஸ்அப் எண். கேட்கிற தொகை லட்சங்களில். நகையை அடகு வைத்துப் பணம் புரட்டும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். அதை வாங்கிக்கொள்கிறவர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஸ்டெம் செல் மருத்துவமே பொய் என்று சொல்லவில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983லேயே எலும்பு மஜ்ஜை மாற்று நடந்தது. ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் இன்று அது நிலைபெற்ற சிகிச்சை. மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களின் இயல்பான வேலையே ரத்தம் உண்டாக்குவதுதான். அதே மஜ்ஜையை எடுத்து முதுகுத்தண்டில் ஊசி போட்டால் ஆட்டிசம் சரியாகும் என்பதற்குத்தான் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் இதைத் தெளிவாகச் சொன்னது: ஆட்டிசத்துக்கு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைப்பதும் விளம்பரப்படுத்துவதும் தொழில்முறை ஒழுங்கீனம்.

பிறகு எப்படி நடக்கிறது? விதியின் ஒரு வரையறையைப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, ஸ்டெம் செல்லிலிருந்து தயாராகும் பொருள் புதிய மருந்து; மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி இல்லாமல் கொடுக்க முடியாது. ஆனால் செல்களைக் கணிசமாக மாற்றியிருந்தால்தான் அது இந்த வரையறைக்குள் வரும். ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கினாலோ, கொழுப்புத் திசுவை நொதியில் கரைத்துப் பிரித்தாலோ மருந்து. காலையில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, மையவிலக்குக் கருவியில் சுழற்றி, மாலைக்குள் அதே குழந்தைக்குச் செலுத்தினால், ‘செல்லை மாற்றவே இல்லையே’ என்று வாதாட இடம் கிடைத்துவிடுகிறது. என் பார்வையில் இது பெரிய ஓட்டை. செல்லை எவ்வளவு மாற்றினார்கள் என்பதைவிட, அதன் இயல்பான வேலைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் செலுத்துகிறார்களே என்பதுதான் குழந்தையின் பாதுகாப்புக்கு முக்கியம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஸ்டெம் செல் வழிகாட்டுதல் இந்த விஷயத்தில் கறாரானது. அங்கீகரிக்கப்பட்ட ரத்தம் சார்ந்த நோய்களைத் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி. அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே நடக்க வேண்டும். ஆராய்ச்சிக்காக ஆகும் செலவைப் பங்கேற்பவர் தலையில் கட்டக் கூடாது என்று அதே ஆண்டில் வந்த அதன் பொது நெறிமுறைகள் சொல்கின்றன.

பணம் கேட்பது ஏன் இவ்வளவு பெரிய எச்சரிக்கை அடையாளம்? அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் நடந்ததைப் பாருங்கள். விழித்திரை நோயுள்ள மூன்று பெண்கள், வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்த செல்களை ஒரே நாளில் இரண்டு கண்களிலும் செலுத்திக்கொண்டார்கள். மூவருக்கும் பார்வை பெருமளவு போனது. இதைப் பற்றி 2017இல் வெளியான மருத்துவ அறிக்கையில் என்னை உலுக்கிய விவரம் ஒன்று உண்டு. அரசின் சோதனைப் பதிவேட்டில் அந்தச் சிகிச்சை பற்றிய பதிவு இருந்தது. அப்படியிருந்தும் ஆளுக்கு 5,000 டாலர் வாங்கியிருக்கிறார்கள். ஒரு கண்ணில் போட்டு, பொறுத்திருந்து, பிறகு மறு கண்ணைத் தொடும் நிதானம்கூட இல்லை.

வேலூர் சிஎம்சியில் அந்த நிதானத்தைப் பார்க்கலாம். ஹீமோபிலியா ஏ நோயாளிகளின் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, அவர்களிடம் குறைபட்ட எட்டாம் உறைகாரணிக்கான மரபணுவைச் சேர்த்து, திரும்பச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. சோதனையில் பங்கேற்றவர்கள் ஐந்தே பேர். கண்காணித்த காலத்தில் அந்த ஐவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. அதற்குப் பிறகும் அது முதற்கட்டச் சோதனைதான், கடைச்சரக்கு ஆகிவிடவில்லை.

எனவே, ‘சோதனை’ என்று யாராவது சொன்னால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள்; இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தையும் கேளுங்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் 2019 விதிகளின்படி உரிமை. ஒப்புதல் படிவத்தில் அது இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இவையெல்லாம் இருந்தும் ரசீது நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். தில்லி மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்க அந்த ரசீதே போதுமான தொடக்கம்.