ஆஸ்திரேலியாவுக்குப் பார்சல் அனுப்பப் போறீங்களா? முதலில் சீரகத்தை வெளியே எடுங்க!

அரை கிலோ சீரகம், கொஞ்சம் வரமிளகாய், ஒரு பாட்டில் நெய், கால் கிலோ பால்கோவா. மெல்போர்னில் வேலை பார்க்கும் மகளுக்கோ, சிட்னியில் படிக்கும் தம்பிக்கோ நம்ம வீடுகளில் கட்டுகிற பெட்டியில் இதெல்லாம் கட்டாயம் இருக்கும். ஆனால், இந்த நான்கில் ஒன்றுகூட ஆஸ்திரேலியாவுக்குள் போகாது.

தபால் நிலையத்தில் வாங்கிக்கொண்டார்கள், விமானமும் ஏறிவிட்டது என்பதாலேயே பார்சல் போய்ச் சேர்ந்துவிடாது. எதை உள்ளே விடுவது என்று முடிவு செய்வது பெட்டி போய் இறங்குகிற நாடுதான்.

சீரகம் அப்படி என்ன தப்பு செய்தது?

தப்பு சீரகத்தில் இல்லை, அதில் ஒளிந்து வரக்கூடிய கப்ரா வண்டில் இருக்கிறது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். இந்தியாவிலிருந்து பரவியதாகக் கருதப்படும் இந்த வண்டின் புழு, தீனியே இல்லாமல் பெட்டி இடுக்கில் நீண்ட காலம் உயிரோடு கிடக்கும். தானியத்தைத் தின்பதோடு, அது உதிர்க்கும் தோலும் ரோமமும் மிச்சத் தானியத்தையும் கெடுத்துவிடும்.

கோதுமை ஏற்றுமதியில் பெரிய நாடான ஆஸ்திரேலியா, இந்த வண்டு பரவினால் 20 ஆண்டுகளில் 1,550 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை இழப்பு வரும் என்று கணக்கிட்டிருக்கிறது. இது வெறும் பயம் இல்லை. 2007-ல் பெர்த்தில், வெளிநாட்டிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்களோடு இந்த வண்டு வந்துவிட்டது. அந்த வீட்டுக்கே புகை மருந்து போட்டுத்தான் ஒழித்தார்கள்.

அதனால் 2020 அக்டோபர் முதல் அரிசி, சீரகம், மல்லி, சோம்பு, வரமிளகாய், பாசிப்பயறு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை போன்றவற்றைத் தபாலில் அனுப்பத் தடை. வறுத்தது, வேகவைத்தது போன்ற வடிவங்களுக்கு விதி வேறு. எதுவானாலும், அனுப்பும் முன் ஆஸ்திரேலிய வேளாண் துறையின் ‘பைகான்’ இணையதளத்தில் பொருளின் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். இலவசம்தான்.

வேறு எதெல்லாம் கூடாது?

• பால் பொருள்கள்: நெய், பால்கோவா, பேடா, பர்ஃபி. இந்தியாவில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் இருப்பதுதான் காரணம்.
• கறிவேப்பிலை, மாவிலை போன்ற பச்சை இலைகள். தோட்டத்துக்கு என்று அனுப்பும் கீரை விதைகளும் சிக்கலில் மாட்டும்.
• பீடி, சிகரெட் உள்ளிட்ட புகையிலைப் பொருள்கள். 2019 ஜூலை முதல் அனுமதி இல்லாமல் தபாலில் வரக்கூடாது.
• பவர் பேங்க், சென்ட், ஸ்ப்ரே, நெயில் பாலிஷ். இவை எந்த நாட்டுக்கும் விமானத் தபாலில் போகாது, தீப்பிடிக்கும் ஆபத்து.
• மயில் இறகு. இதைத் தடுப்பது நம் நாட்டுச் சட்டம். இந்தியாவிலிருந்து ஏற்றுமதிக்கே தடை.

பெட்டியிலும் கவனம் வேண்டும். காய்கறி, முட்டை வந்த அட்டைப்பெட்டியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். கொலு பொம்மை உடையக்கூடாது என்று வைக்கோல் வைத்துக் கட்டினால், வைக்கோலாலேயே பார்சல் நின்றுவிடும்.

மாத்திரை அனுப்பலாமா?

சொந்த உபயோகத்துக்கு, அதிகபட்சம் மூன்று மாதத்துக்குத் தேவையான அளவு வரை அனுமதி உண்டு. அங்கே மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்து என்றால், சீட்டு கட்டாயம். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல், அட்டையோடும் பெட்டியோடும் அப்படியே வையுங்கள். சில மருந்துகளுக்கு முன்அனுமதியே தேவை என்பதால், பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டு அனுப்புவது நல்லது.

‘கிஃப்ட்’ என்று எழுதினால் விட்டுவிடுவார்களா?

மாட்டார்கள். பார்சலோடு ஒட்டும் ‘சிஎன் 23’ சுங்கப் படிவத்தில் ஒவ்வொரு பொருளின் பெயர், எண்ணிக்கை, எடை, மதிப்பு எல்லாம் தனித்தனியாக ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ‘கிஃப்ட்’, ‘ஃபுட் ஐட்டம்ஸ்’ என்று மொட்டையாக எழுதினால் அதிகாரிக்கு எதுவும் புரியாது, பெட்டியைத் திறக்கத்தான் செய்வார். ‘பருத்திச் சட்டை 2’, ‘எவர்சில்வர் டம்ளர் 4’ என்று எழுதினால் வேலை சுலபம்.

வரி பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மது, புகையிலை தவிர்த்து, 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரை மதிப்புள்ள பரிசுப் பார்சலுக்குப் பொதுவாகச் சுங்க வரி இல்லை. அதனால் மதிப்பைக் குறைத்துக் காட்டுவதில் லாபமும் இல்லை.

மறைத்து அனுப்பினால்?

அங்கே எக்ஸ்-ரே இருக்கிறது, மோப்ப நாய் இருக்கிறது. துணி மடிப்புக்குள் வைத்த மல்லியையும் கண்டுபிடித்துவிடுவார்கள். பிடிபட்ட பொருளை அழிப்பார்கள். அல்லது சுத்திகரிக்கவோ திருப்பி அனுப்பவோ செலவு கேட்பார்கள். கடிதம் போவது பார்சலைப் பெற இருப்பவரின் பெயருக்குத்தான். விசாவில் இருக்கும் பிள்ளையை அதிகாரிகளுக்கு விளக்கம் சொல்ல வைப்பதைவிட, அங்குள்ள இந்தியக் கடையில் சீரகம் வாங்கிக்கொள்ளச் சொல்வது சுலபம். பெட்டியில் மிச்சமாகும் இடத்தில் ஒரு புடவையோ சட்டையோ கூடுதலாக வைக்கலாம்!