மூளைக்குள் போகும் மருந்து, போகாத மருந்து

அரிப்பு, தும்மல் என்று போனால் முன்பெல்லாம் அவில் மாத்திரை கொடுப்பார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் கண்ணைச் சொருகும். இன்று அதே தொல்லைக்கு ஃபெக்சோஃபெனடின் எழுதித் தருகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை அடக்குவது. ஆனால், மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருப்பதிலும் ஹிஸ்டமினுக்குப் பங்கு உண்டு. அவில் மூளைக்குள் போய் அங்கேயும் அதை அடக்குவதால் தூக்கம் வருகிறது. ஃபெக்சோஃபெனடின் உள்ளே போவதே இல்லை எனலாம். அதைத் தடுத்து நிறுத்துவது, ரத்த-மூளைத் தடுப்பு.

சாயம் காட்டிய வழி

மூளைக்குப் பாதுகாப்பு என்றால் மண்டை ஓடு நினைவுக்கு வரும். அதற்கடியில் மூன்று உறைகள் இருக்கின்றன. உறைகளுக்கு இடையிலும் மூளையின் உள்ளறைகளிலுமாகச் சுமார் 150 மி.லி. திரவம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1,400 கிராம் எடையுள்ள மூளை அதில் மிதப்பதால், சுமார் 50 கிராம் பொருளைப் போலத்தான் கனக்கிறது. இவையெல்லாம் அடி, அதிர்விலிருந்து காப்பவை. ரத்தத்தில் கலந்து வரும் ஆபத்துக்கு வேறு காவல் வேண்டும்.

அதன் முதல் தடயம் 1885இல் கிடைத்தது. ஜெர்மனியின் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றியபோது, எல்லா உறுப்புகளிலும் நிறம் ஏறியது. மூளையில் மட்டும் ஏறவில்லை. மூளைக்குச் சாயம் பிடிக்காது போலும் என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் டிரைபன் நீலத்தை மூளையைச் சூழ்ந்த திரவத்திலேயே செலுத்திப் பார்த்தார். மூளை நீலமானது, மற்ற உறுப்புகள் அப்படியே இருந்தன. ஆகவே, தடுப்பு ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருந்தாக வேண்டும்.

அது எது என்பதை 1967இல் தாமஸ் ரீஸும் மோரிஸ் கார்னோவ்ஸ்கியும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். உடலின் மற்ற இடங்களில் ரத்த நுண்நாளச் சுவரின் செல்களுக்கு இடையே பெரும்பாலும் சந்து இருக்கும். மூளையிலோ அவை இடைவெளியே இல்லாமல் இறுக ஒட்டியிருக்கின்றன. மூளைக்குள் இத்தகைய நுண்நாளங்களின் மொத்த நீளம் சுமார் 600 கி.மீ. அத்தனை நீளத்துக்கும் அந்தச் சுவர்தான் தடுப்பு.

எலிகள் இறந்த கதை

உடல் எடையில் 2% உள்ள மூளை, உடலின் ஆற்றலில் சுமார் 20% செலவழிக்கிறது. எனவே, வழியை அடியோடு அடைத்துவிட முடியாது. கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகள் செல் சவ்வின் வழியே தாமாகப் போய்விடும். மதுவும் நிகோட்டினும் அப்படித்தான். குளுக்கோஸையும் அமினோ அமிலங்களையும் உள்ளே கொண்டுசெல்லத் தனித்தனிப் புரதங்கள் உண்டு.

இவற்றோடு இன்னொரு ஏற்பாடும் இருப்பது ஒரு விபத்தில் தெரியவந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் ஆல்ஃப்ரெட் ஷின்கெல் குழுவினர், பி-கிளைகோபுரதம் என்ற ஒன்றை உருவாக்கும் மரபணு இல்லாத எலிகளை வளர்த்தார்கள். எலிகளுக்கு உண்ணித் தொல்லை வந்ததால் ஐவர்மெக்டின் மருந்து தெளித்தார்கள். சாதாரண எலிகள் நன்றாக இருந்தன; மரபணு இல்லாதவை செத்து விழுந்தன. அந்த மருந்தின் நச்சு அவற்றை ஏறத்தாழ 100 மடங்கு அதிகமாகத் தாக்கியது. உள்ளே நுழையும் அந்நியப் பொருளை உடனுக்குடன் ரத்தத்துக்கே இறைத்துத் தள்ளும் பம்ப்தான் பி-கிளைகோபுரதம். வயிற்றுப்போக்குக்குத் தரும் லோப்பரமைடு ஓபியம் வகையைச் சேர்ந்தது. வழக்கமான அளவில் அது போதை தராததற்கும் இந்தப் பம்ப்தான் முக்கியக் காரணம்.

உள்ளே போக என்ன வழி?

நோய் மூளையில் இருந்தால் இதே தடுப்பு மருத்துவருக்கு இடைஞ்சல். காசநோய் மூளை உறையைத் தாக்கும்போது ஐசோனியாசிடும் பைராசினமைடும் நன்றாகச் சேர்கின்றன. ரிஃபாம்பிசின் கொஞ்சமே சேர்கிறது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு முதுகில் ஊசி குத்தி மெத்தோட்ரெக்சேட்டை நேரே திரவத்தில் செலுத்துவது, தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும் வழி.

திறந்து போகும் வழியும் உண்டு. நுண்குமிழிகளை ரத்தத்தில் விட்டு, மூளையின் குறிப்பிட்ட இடத்தில் மீயொலியைக் குவித்தால், குமிழிகள் அதிர்ந்து செல்களின் பிணைப்பைத் தளர்த்தும். ஒரு நாளுக்குள் அது மீண்டும் மூடிக்கொள்ளும். மேற்கு வர்ஜீனியாவில் மூன்று அல்சைமர் நோயாளிகளுக்கு இவ்வாறு செய்து, மருந்தும் கொடுத்தார்கள். திறந்த பகுதியில் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவு கூடுதலாகக் குறைந்தது என்று 2024இல் அறிவித்தார்கள். மூன்று பேர் என்பது சிறிய எண்ணிக்கை. மேலும், திறந்திருக்கும் நேரத்தில் வேண்டாததும் உள்ளே போகலாம்.

மூன்றாவது வழிக்கு வயது அதிகம். பார்க்கின்சன் நோயில் குறைவது டோபமின். அதை ரத்தத்தில் செலுத்திப் பயனில்லை, மூளைக்குள் போகாது. ஆனால், டோபமினாக மாறக்கூடிய லெவோடோபா ஓர் அமினோ அமிலம். மற்ற அமினோ அமிலங்களை ஏற்றிச்செல்லும் புரதமே அதையும் உள்ளே சேர்த்துவிடுகிறது. 1967இல் ஜார்ஜ் காட்சியாஸ் லெவோடோபாவை அதிக அளவில் கொடுத்து நல்ல பலன் கண்டார். இறைச்சி, முட்டை, பருப்பு சாப்பிட்ட கையோடு இந்த மாத்திரையைப் போட வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் இதுதான்: உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்கள் அதே புரதத்துக்குப் போட்டியிடும்.

2021இல் ஜப்பான் அனுமதித்த ஒரு மருந்தும் இந்த வழியில் வந்ததே. ஹன்ட்டர் என்ற நோயுள்ள குழந்தைகளுக்கு ஒரு நொதி குறைவு. அந்தப் பெரிய மூலக்கூறு தானாக மூளைக்குள் போகாது. எனவே, மூளைக்கு இரும்பைச் சேர்க்கும் புரதத்தின் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளோடு நொதியை இணைத்தார்கள். ஏற்பி அதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. முதுகில் குத்த வேண்டாம், மீயொலி வேண்டாம்; கையில் ஏற்றினால் போதும். தடுப்பு தானே அனுமதிக்கும் வழியைக் கண்டுபிடிப்பவர்களுக்கு அதை உடைக்க வேண்டிய தேவை இருப்பதில்லை.