மாத்திரை மட்டும் போதுமா? நடக்கலேன்னா காட்டிக் கொடுக்கும் செல்போன்!

திருக்கடையூர்:

மயிலாடுதுறை மாவட்டம் திருக்கடையூர் அபிராமி சமேத அமிர்தகடேஸ்வரர் கோவிலுக்கு வெளியூர்களில் இருந்து கார், வேன்களில் ஜோடி ஜோடியாக வந்து இறங்குகிறார்கள். 60 வயதில் மணிவிழா, 80 வயதில் சதாபிஷேகம். எல்லோருக்கும் வேண்டுதல் ஒன்றுதான், ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டும். மார்க்கண்டேயனுக்காக எமனையே சாமி காலால் எட்டி உதைத்த ஊர் ஆச்சே!

ஆனால் ஆயுசை அரிக்கும் சர்க்கரையும், ரத்த கொதிப்பும் சத்தமில்லாமல் வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் 10 கோடி பேருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளது. தமிழ்நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் 14 பேருக்கு இருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசமாக கிடைக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடியும் வருகிறது. ஆனால் டாக்டர் சொல்லும் இன்னொரு மருந்து, 'தினமும் நடங்க' என்பது. அதுதான் நாலு நாளில் நின்று போகிறது. அதை நிற்காமல் பார்த்துக்கொள்ள கையில் இருக்கிற செல்போனே உதவும்.

எப்படி எண்ணுது?

ஸ்மார்ட்போனுக்குள் அசைவை கண்டுபிடிக்கும் சின்ன 'சென்சார்' உள்ளது. நடக்கும்போது உடம்பு ஒரே தாளத்தில் குலுங்கும். அதை வைத்து எத்தனை அடி என்று 'ஆப்' கணக்கு போட்டு காட்டும். பல போன்களில் இந்த வசதி வாங்கும்போதே இருக்கும். மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட 'பிட் இந்தியா' ஆப்பும் இலவசம்தான். போன் சட்டைப்பையிலோ, இடுப்பிலோ இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு நடந்தால் கணக்கில் வராது.

பலன் உண்டா?

மேற்கு அயர்லாந்தில் கிராமப்புற டாக்டர்களிடம் வரும் 90 பேரை வைத்து 8 வாரம் சோதனை நடந்தது. முடிவு 2014-ல் வெளியானது. ஆப்பை பார்த்து நடந்தவர்கள், வெறும் அறிவுரை மட்டும் கேட்டவர்களைவிட தினமும் சுமார் 1,000 அடி கூடுதலாக நடந்தார்கள்.

நம்ம சென்னையிலும் ஒரு முன்னோடி உண்டு. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரும் நிலையில் இருந்த 537 ஆண்களை எடுத்துக்கொண்டனர். பாதி பேருக்கு சாப்பாடு, உடற்பயிற்சி பற்றி செல்போனில் எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள். 2 வருடம் கழித்து பார்த்தால், எஸ்.எம்.எஸ். வந்தவர்களில் 100-க்கு 18 பேருக்கும், வராதவர்களில் 27 பேருக்கும் சர்க்கரை வந்திருந்தது. இதில் சாப்பாட்டு கட்டுப்பாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த முடிவு வெளியான ஆண்டு 2013.

'வயல்ல நடக்காத நடையா?'

டெல்டாவில் நடையை பற்றி பேசினால் இந்த கேள்வி வரும். நியாயம்தான். வரப்பில் நடப்பதும் நடைதான். ஆனால் நடவுக்கும், அறுப்புக்கும் மெஷின் வந்துவிட்டது. டீக்கடைக்கும் பைக்கில்தான் போகிறோம். வேலை இல்லாத கோடை மாதங்களில் கால் எவ்வளவு ஓய்ந்து போகிறது என்பது நமக்கே தெரியாது. 'நான் நடந்துக்கிட்டுதான் இருக்கேன்' என்று டாக்டரிடம் சொல்லி தப்பிக்கலாம். போனிடம் முடியாது.

10 ஆயிரம் அடி நடந்தே ஆகணுமா?

தேவையில்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்து 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து பிரபலமான எண் அது. 2025-ல் வெளியான பெரிய ஆய்வில், தினம் 2,000 அடி நடப்பவர்களைவிட 7,000 அடி நடப்பவர்களுக்கு மரண அபாயம் 47 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. 4,000 அடிக்கே பலன் தெரிந்தது.

முதல் வாரம் வழக்கம்போல இருந்து உங்கள் கணக்கை பாருங்கள். அடுத்த வாரம் தினமும் 500 அடி கூட்டுங்கள். உடம்பு ஏற்றுக்கொண்டால் இன்னும் 500. அடுத்த முறை சுகாதார நிலையம் போகும்போது அந்த கணக்கை டாக்டரிடம் காட்டுங்கள்.

போன் மகனிடம் இருக்கிறதா? பட்டன் போன்தானா? கவலை வேண்டாம். வாரத்தில் 5 நாள், தினம் 30 நிமிடம் வேகநடை போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிட கணக்கு சரியாகிவிடும்.

உஷார்... உஷார்!

* நடக்கிறோமே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

* சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. காலில் முள் குத்தினாலும் தெரியாமல் புண்ணாகிவிடும். தினமும் பாதத்தை பாருங்கள்.

* இன்சுலின் போடுபவர்கள் பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

* நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கு போங்கள். 108-ஐ கூப்பிடலாம்.

* 'நடந்தால் பணம் தருவோம்' என்று சொல்லி ஆதார், வங்கி கணக்கு, ஓ.டி.பி. கேட்டால் கொடுக்காதீர்கள்.

செல்போன் எண்ணிக்கை மட்டும்தான் சொல்லும். அடி எடுத்து வைக்க வேண்டியது நாம்தான். இந்த ஊரில் எமனை விரட்ட சாமியே காலைத்தானே தூக்கினார்!